ஒரு லீற்றருக்கு 25 கிராம்

போன வருசம் புரட்டாதி மாதம் ஒரு நாள் விடிய, எங்கள் வீட்டுத் தேத்தண்ணியின் ருசி மாறியது. அம்மம்மாதான் முதலில் கண்டுபிடித்தா. ஒரு மிடறு குடித்துவிட்டுப் பேணியைக் கீழே வைத்தா. "ஆரடி தேத்தண்ணிக்கு உப்புப் போட்டது?" என்று கேட்டா. அம்மா சீனிப் போத்தலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தா. சீனி சீனியாகத்தான் இருந்தது. பிறகு நாங்கள் கிணற்றடிக்குப் போய், ஒரு கை தண்ணி அள்ளி வாயில் விட்டுப் பார்த்தோம். திரும்பி வந்தபோது எங்கள் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: சவர். நல்ல தண்ணிக் கிணறு, சவர்த் தண்ணிக் கிணறு என்று ஊர்க் கிணறுகளையெல்லாம் இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வார்கள். எங்களுடையது நல்ல தண்ணி. அதாவது, அன்றுவரைக்கும் நல்ல தண்ணி.

இந்தக் கட்டுரை அந்த உப்பு எப்படி வந்தது என்பதைப் பற்றியது. கூடவே, ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, அடுத்த நாளே மறந்துபோன சில சொற்களைப் பற்றியதும்தான்.

முதலில் "நாங்கள்" ஆர் என்று சொல்லவேண்டும். நாங்கள் அக்காவும் தம்பியும். எங்களில் மூத்தது கலைப்பீடத்தில் தமிழும் வரலாறும் படிக்கிறது. விஞ்ஞானத்துக்கு ஓ.எல்.லில் ஒரு எஸ் எடுத்து, "அப்பாடா, இனி இந்தச் சனியன் இல்லை" என்று மூச்சுவிட்ட ஆள். இளையதுக்குப் போன வருசம் ஓ.எல். ரியூசன் காசு கட்ட ஏலாமல் போன இரண்டு மாதத்தில், எஸ் எடுத்த ஆள்தான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே புத்தகத்துக்கு முன்னால் இருந்தோம். அதில் எது ஆருக்கு முதலில் விளங்கியது என்று இப்போது பிரித்துச் சொல்ல ஏலாது.

எங்கள் வீடு வலிகாமத்தின் மேற்குப் பக்கம். சைக்கிளில் பத்து நிமிசம் மிதித்தால் கடல். கிணறு பங்குக் கிணறு. எங்கள் வீடு, பெரியப்பா வீடு, சின்னம்மா வீடு என்று மூன்று வீட்டுக்கும் அதுதான். ஆழம் 18 அடி. அம்மம்மா கலியாணம் கட்டி வந்த காலத்தில் துலா மிதித்து இறைத்தார்களாம். இப்போது மூன்று வீட்டுத் தாங்கிக்கும், பெரியப்பாவின் வாழைக்கும் மிளகாய்க்கும், ஒரே மோட்டர்.

போன வருசம் ஆடி, ஆவணியில் வெயில் கடுமை. கிணற்றில் இரண்டு அடித் தண்ணிதான் நின்றது. மோட்டர் போட்டுப் பத்து நிமிசத்தில் காற்றை இழுத்துக் கத்தும். ஒரு பின்னேரம் பெரியப்பா கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு முடிவைச் சொன்னார். "கிணத்துக்குள்ள ஒரு குழாய் அடிப்பம். இன்னும் ஒரு இருபது அடி இறக்கினா நல்ல ஊத்துக் கிடைக்கும்." சுவிஸில் இருக்கும் மாமா காசு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் சந்தோசம். எங்களுக்கும்தான்.

அதே கிழமைதான் நாங்கள் புத்தகத்தைத் திறந்தோம்.

முதலில் வந்த சொல் "பாயி". ஓடக்கூடியதெல்லாம் பாயி. தண்ணி, எண்ணெய், பால், தேன் எல்லாம் பாயி. காற்றும் பாயிதான். ஒரு கல்லைத் தள்ளினால் அது ஓரளவுக்கு எதிர்த்து நிற்கும். பாயிக்கு அந்த எதிர்ப்பு இல்லை. எவ்வளவு சின்னத் தள்ளு என்றாலும் அது நகரும், போட்ட பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இதுவரைக்கும் சுகம்.

அடுத்தது அடர்த்தி. ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் எவ்வளவு திணிவு இருக்கிறது என்பது அடர்த்தி. ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் சுமார் 800 கிராம். நல்லெண்ணெய் சுமார் 920 கிராம். தேன் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். இரசம் 13 கிலோ 600 கிராம். (குடிக்கிற இரசம் இல்லை, பழைய வெப்பமானிக்குள் இருக்கிற இரசம்.) அடர்த்தி குறைந்தது மேலே மிதக்கும், கூடியது கீழே போகும்.

இங்கே தம்பி ஒரு கேள்வி கேட்டான். "நல்லெண்ணெய் தண்ணியை விடத் தடிப்புத்தானே. பிறகு ஏன் மிதக்குது?"

அரை மணித்தியாலம் நாங்கள் இதிலேயே நின்றோம். குழப்பம் எங்கள் வாயில் இருந்த சொல்லில் என்று பிறகுதான் பிடிபட்டது. பாரமானதையும் நாங்கள் "தடிப்பு" என்கிறோம், மெல்ல ஓடுவதையும் "தடிப்பு" என்கிறோம். புத்தகத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருந்தது. மெல்ல ஓடுவதற்குப் பெயர் பிசுக்குமை. ஒரு பாயி ஓடும்போது அதன் ஒரு படை மற்றப் படைக்கு மேலால் வழுக்கிப் போகிறது. அப்படி வழுக்க எவ்வளவு பஞ்சிப்படுகிறது என்பதுதான் பிசுக்குமை. நல்லெண்ணெய் பாரம் குறைந்தது, ஆனால் பஞ்சி கூடியது. இரசம் இதற்கு நேர்மாறு. பயங்கரப் பாரம், ஆனால் ஏறக்குறையத் தண்ணி மாதிரியே சுறுசுறுப்பாக ஓடும்.

விளங்கின பிறகு குசினி முழுக்க இதுதான் தெரிந்தது. தாச்சிச் சட்டியில் எண்ணெய் சூடாகினால் தண்ணி மாதிரி ஓடுகிறதே, அது பிசுக்குமை குறைவதால். அடர்த்தி அந்த அளவுக்கு மாறுவதில்லை. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் கட்டியாகிப்போய் அம்மா அதை வெயிலில் வைக்கிறா. 24 பாகை அளவுக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் பாயியாக இருப்பதையே விட்டுவிடுகிறது.

மூன்றாவது சொல் பரப்பிழுவை. தண்ணியின் மேற்பரப்பு ஒரு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நடந்துகொள்ளும். அந்த இழுவையும், தண்ணி மற்றப் பொருளில் ஒட்டுகிற குணமும் சேர்ந்தால், மயிர் மாதிரி ஒடுங்கின துளைகளுக்குள் தண்ணி தானாகவே மேலே ஏறும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது இதனால்தான். இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது அம்மம்மா இடையில் புகுந்தா. 90களில் பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அந்தப் பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு இரவிரவாக எரித்தார்களாம். "திரி மெல்லிசா இருக்கோணும். மொத்தத் திரி எண்ணெய் குடிச்சுப்போடும்." அந்த வெளிச்சத்தில்தான் அம்மா ஏ.எல். படித்தவ. மயிர்த்துளை எழுகை என்ற பெயர் அம்மம்மாவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு துளி மண்ணெண்ணெயை எவ்வளவு நேரம் எரிக்கலாம் என்று கையால் தெரியும்.

பிறகு தம்பி வீட்டுச் சுவரைக் காட்டினான். குசினிச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நாங்கள் பிறந்த நாளிலிருந்து அது அப்படித்தான். நிலத்துக்குள் இருக்கிற ஈரம் சீமெந்தின் நுண்துளைகளால் மேலே ஏறுகிறது. காற்றுப் பட்டுத் தண்ணி ஆவியாகப் போகிறது, அது கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்குகிறது. சுவர் ஒரு பெரிய விளக்குத்திரி. அப்படியென்றால் எங்கள் காலுக்குக் கீழே எங்கேயோ உப்பு இருக்கிறது. அன்றைக்கு இந்த யோசனையை நாங்கள் மேற்கொண்டு கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருக்கலாம்.

நாலாவது அமுக்கம். பெரியப்பாவின் மோட்டர் கிணற்றுக்கு வெளியே இல்லை, உள்ளே பாதி ஆழத்தில் ஒரு தட்டில் நிற்கிறது. ஏன் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மோட்டர் தண்ணியை "இழுக்கிறது" என்றுதான் நினைத்தோம். உண்மையில் அது குழாய்க்குள் இருக்கும் காற்றைத்தான் குறைக்கிறது. தண்ணியை மேலே தள்ளுவது, கிணற்றுத் தண்ணிக்கு மேலே அமுக்கிக்கொண்டிருக்கிற வளிமண்டலம். அந்த வளிமண்டலத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஏறக்குறைய 10 மீற்றர், அதாவது 33, 34 அடித் தண்ணியைத்தான் அதால் தாங்க ஏலும். எவ்வளவு பெரிய மோட்டர் வாங்கினாலும் மேலேயிருந்து உறிஞ்சி அதைத் தாண்ட ஏலாது. நடைமுறையில் அதிலும் குறைவாகத்தான் வரும். இத்தாலியில் ரொறிசெல்லி 1643இல் இரசத்தை வைத்து இதைக் காட்டினார். தண்ணிக்கு 10 மீற்றர் வேண்டிய இடத்தில், 13.6 மடங்கு பாரமான இரசத்துக்கு 76 சென்ரிமீற்றர் போதுமாக இருந்தது. இங்கேயும் அடர்த்திதான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவும் நாங்கள் பரீட்சைக்காகப் படித்தது. கிணறு உள்ளே வந்தது தற்செயலாக.

பீடத்தில் எங்களோடு புவியியல் படிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறா. கன்ரீனில் குழாய்க்கிணறு கதை வந்தபோது, "கடலிலயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டா. சொன்னோம். ரோல் சுற்றி வந்த பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறினா. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நிலம், நிலத்துக்குள் ஒரு கண்ணாடி வில்லை மாதிரி ஒன்று. "உங்கட நல்ல தண்ணி இதுதான். கீழ முழுக்கக் கடல் தண்ணி. நல்ல தண்ணி அதுக்கு மேல மிதக்குது."

மிதக்கிறது. எண்ணெய் மாதிரி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. இருக்கிறது மழை. அதிலும் பெரும் பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் பெய்கிற மழை. நிலத்துக்குக் கீழே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல், துளையும் வெடிப்புமாக. மழைத் தண்ணி அதுக்குள் இறங்கித் தங்குகிறது. ஆனால் அந்தக் கல்லுக்குள் கடல் தண்ணியும் பக்கத்தாலும் கீழாலும் வந்து நிற்கிறது. இரண்டும் ஏன் கலந்துபோகவில்லை? ஒரு லீற்றர் நல்ல தண்ணி 1000 கிராம், ஒரு லீற்றர் கடல் தண்ணி 1025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தால் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் நிற்கிறது. கல்லுக்குள் இருக்கிற தண்ணியை ஒருவரும் கலக்காத வரைக்கும் எல்லையில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும்.

அந்தப் பிள்ளை ஒரு கணக்கும் எழுதிக் காட்டினா. 41 அடி உயர நல்ல தண்ணியையும் 40 அடி உயரக் கடல் தண்ணியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அடியில் ஒரே அமுக்கம். ஏனென்றால் 41 ஐ 1000ஆல் பெருக்கினாலும் 40 ஐ 1025ஆல் பெருக்கினாலும் 41,000தான். அதாவது, கிணற்றில் நல்ல தண்ணி கடல் மட்டத்தை விட ஒரு அடி உயரமாக நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். அதற்குப் பிறகு உப்பு. இதை 1880களின் கடைசியில் நெதர்லாந்தில் பாடன் கைபன் என்ற பொறியியலாளரும், 1901இல் ஜேர்மனியில் ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேரும் வட கடலை ஒட்டின நிலத்தில் கிணறுகளைப் பார்த்தவர்கள். எங்கள் மாதிரித்தான்.

40 மடங்கு என்று கேட்டால் முதலில் சந்தோசமாக இருக்கும். ஒரு அடிக்கு நாற்பது அடி, நல்ல வட்டி. ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் ஓடும். மேலே ஒரு அடியை இறைத்து எடுத்து, அது அப்படியே பதிவாக நின்றால், கீழே உப்பு 40 அடி எழும்பும். இன்றைக்கோ நாளைக்கோ இல்லை, ஆனால் எழும்பும்.

அன்று இரவு நாங்கள் எங்கள் கிணற்றுக்குக் கணக்குப் போட்டோம். தண்ணி நிலத்திலிருந்து 16 அடியில் நிற்கிறது. அது கடல் மட்டத்துக்கு அரை அடி மேலே என்று வைத்துக்கொண்டால், உப்பு எல்லை நிலத்திலிருந்து 36, 37 அடியில். கிணறு 18 அடி. பெரியப்பா இறக்கப்போவது இன்னும் 20 அடி. கூட்டினால் 38. அந்த அரை அடி எங்கள் ஊகம்தான், கால் அடியாகவும் இருக்கலாம், முக்கால் அடியாகவும் இருக்கலாம். ஆனால் எப்படிப் பார்த்தாலும் அந்தக் குழாயின் வாய் உப்புக்குள், இல்லாவிட்டால் உப்புக்கு மேலே ஒன்பது அடிக்குள்.

நம்புவதற்கு எங்களுக்கே கஷ்டமாக இருந்தது. தம்பி அடுத்த நாள் கடலுக்குப் போய் ஒரு லீற்றர் சோடாப் போத்தலில் கடல் தண்ணி அள்ளிவந்தான். மூலைக்கடைத் தராசில் நிறுத்தோம். பிறகு அதே போத்தலைக் கழுவி, அதே மட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணி நிரப்பி நிறுத்தோம். "தண்ணியை நிறுத்து விக்கப்போறியளோ?" என்று கடைக்காரர் பகிடி விட்டார். தராசு காட்டிய வித்தியாசம் 25 கிராம். இரண்டு மேசைக்கரண்டிச் சீனியின் பாரம். எங்கள் ஊரின் குடிதண்ணி முழுக்க இந்த இரண்டு கரண்டியில் நிற்கிறது என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

பிறகு இன்னொன்று செய்தோம். கடல் தண்ணியில் பீற்றூட் சாறு கலந்து சிவப்பாக்கி, ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதிக்கு விட்டோம். அதுக்கு மேலே ஒரு கரண்டியைப் பிடித்து, கரண்டியில் பட்டு வழிகிற மாதிரிக் கிணற்றுத் தண்ணியை மெல்ல மெல்ல ஊற்றினோம். இரண்டு தரம் கலங்கிப்போனது. மூன்றாம் தரம் நின்றது. கீழே சிவப்பு, மேலே தெளிவு. ஒரு ஸ்ட்ரோவை எடுத்து அதன் நுனியை சிவப்புக்கு அரை விரல் மேலே பிடித்து மெதுவாக உறிஞ்சினால் நல்ல தண்ணி வந்தது. அதே இடத்தில் வைத்துக்கொண்டு வேகமாக உறிஞ்சினால், நடுவில் இருந்து சிவப்பு ஒரு கூம்பு மாதிரி எழும்பி நேரே ஸ்ட்ரோவுக்குள் போனது. நாக்கில் உப்பு.

ஸ்ட்ரோ அசையவில்லை. தெளிந்த தண்ணியும் முடியவில்லை. உறிஞ்சின வேகம் மட்டும்தான் மாறியது.

இதை நாங்கள் பெரியப்பாவுக்குச் செய்து காட்டினோம். அவர் கிளாசைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "உதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு? கீழ போகப் போகத்தான் ஊத்து. நிலாவரையில ஆழத்துக்கு அடி இருக்கோ? அங்க தண்ணி வத்தினதோ?"

நிலாவரைக் கதையை நாங்கள் சின்னனிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். இராமர் அம்பு விட்டு வந்த தண்ணி, அடி இல்லாத கிணறு. உண்மையில் அது சுண்ணாம்புக் கல் கரைந்து உள்ளே விழுந்து வந்த பள்ளம். அங்கேயும் மேலேதான் நல்ல தண்ணி, ஆழத்துக்குப் போகப் போக உப்பு. "பெரியப்பா, நிலாவரையிலயும் கீழ உப்புத்தான்" என்று தம்பி சொன்னான். பெரியப்பா மூத்தவளைப் பார்த்துக் கேட்டார்: "எடி பிள்ளை, நீ கம்பஸில என்ன படிக்கிறாய்? ஆர்ட்ஸ்தானே?"

அதற்கு மேல் எங்களிடம் பதில் இருக்கவில்லை. எஸ் எடுத்தவள் ஒருத்தி, ஓ.எல். எழுதாதவன் ஒருத்தன். எங்கள் கணக்குச் சரியா என்று எங்களுக்கே முழு நம்பிக்கை இல்லை. அம்மம்மா மட்டும் சொன்னா: "கிணத்தை ஒட்ட இறைக்கக்கூடாது எண்டு என்ரை மாமியார் சொல்லுவா." ஏன் என்று கேட்டால் அவவுக்கும் சொல்லத் தெரியவில்லை. "அந்தக் காலத்தில மோட்டர் இல்லையணை" என்று பெரியப்பா முடித்துவிட்டார்.

ஆவணி நடுப்பகுதியில் குழாய் அடித்தார்கள். 38 அடி. தண்ணி வந்தது, நல்ல தண்ணி. பெரியப்பா ஒரு செம்பில் ஏந்தி எங்களிடம் நீட்டினார். "குடிச்சுப் பார்." குடித்தோம். இனிப்பாகத்தான் இருந்தது. அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். உண்மையைச் சொன்னால், எங்கள் கணக்குப் பிழைத்ததில் எங்களுக்கு நிம்மதியாகவும் இருந்தது. தாங்கிகள் நிரம்பின. வாழைக்கு நாள்தோறும் இரண்டு மணித்தியாலம் ஓடியது மோட்டர். இனி வத்தாது என்ற தைரியத்தில் ஒருவரும் அதை நிற்பாட்ட ஓடவில்லை.

ஐந்து கிழமையில் அம்மம்மா பேணியைக் கீழே வைத்தா.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மிளகாய்க் கன்றுகளின் இலை விளிம்பு கருகியது. உடுப்புக்குச் சவர்க்காரம் நுரைக்கவில்லை. மூன்று வீட்டுக்கும் குடிக்கத் தண்ணி பவுசரில் வந்தது. வராத நாளில் காசுக்கு வாங்கினோம். கடல் தண்ணி ஒரு லீற்றரில் குளோரைட்டு மட்டும் ஏறக்குறைய 19 கிராம் இருக்கும். நாக்கு உப்பை உணர ஒரு லீற்றருக்குக் கால் கிராமளவு போதும். நூறு வாளி நல்ல தண்ணிக்குள் இரண்டு வாளி கடல் தண்ணி கலந்தாலே தேத்தண்ணி கெட்டுவிடும். கலக்க இரண்டு வாளி போதும். திருப்பிப் பிரித்தெடுக்க எங்கள் கையில் ஒரு வழியும் இல்லை. மழைதான் வரவேண்டும், வந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளவேண்டும்.

"நாங்கள் சொன்னமே" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் மரியாதை மட்டும் இல்லை. நாங்களும் அந்த 18 வருசமோ 22 வருசமோ அதே கிணற்றில் குளித்தவர்கள், குளிக்கும்போது மோட்டரைப் போட்டுவிட்டு போனில் கதைத்துக்கொண்டு நின்றவர்கள். தண்ணி கீழேயிருந்து முடிவில்லாமல் ஊறி வரும் என்று நாங்களும்தான் நம்பினோம். "ஊற்று" என்ற சொல்லே எங்களை அப்படி நினைக்க வைத்தது. மிதக்கிறது என்ற சொல்லை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புத்தகத்தில் அடர்த்திக்கு உதாரணமாக மரக்கட்டையும் ஐஸ்கட்டியும் கப்பலும் இருந்தன. எங்கள் கொல்லைக் கிணறு இருக்கவில்லை.

கலைப்பீடத்துக்கு வந்தவர்கள் விஞ்ஞானத்தைக் கைவிட்டவர்கள் என்று ஒரு கதை இருக்கிறது. அதை மற்றவர்கள் சொல்வதை விட நாங்கள்தான் கூடச் சொல்லிக்கொள்கிறோம், பகிடியாக, கொஞ்சம் பெருமையாகவும்கூட. "எனக்குக் கணக்கு ஓடாது மச்சான்." அதைச் சொல்லும்போது ஒரு பாடத்தை மட்டும்தான் விட்டுவிடுகிறோம் என்று நினைக்கிறோம். பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லாமல் போனது இதனால்தான். அவர் எங்களை மட்டம் தட்டினதை விட, நாங்களே எங்களை முன்கூட்டியே தட்டி வைத்திருந்தோம்.

அம்மம்மாவின் மாமியாருக்கு விதி தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. துலா இருந்த வரைக்கும் அந்த விதிக்குக் காரணம் தேவைப்படவில்லை. மனுசர் மிதித்து இறைக்கிற வேகமே தண்ணிக்கு அளவு போட்டது. மோட்டர் வந்த நாளில் அந்த விதி வெறும் பழங்கதை ஆகிவிட்டது. காரணத்தைச் சொல்லத் தெரிந்த ஒருத்தர் அன்றைக்குக் கிணற்றடியில் இருந்திருந்தால், ஒரு வேளை கேட்டிருப்பார்கள். ஒரு வேளை கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் சொல்வதற்கு ஒன்று இருந்திருக்கும்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. அதற்கு முதலே பெரியப்பா மேசனைக் கூட்டிவந்து குழாயைச் சீமெந்தால் அடைத்துவிட்டார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டருக்கு நேரம் வைத்தார்கள்: காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம், இடையில் கிணறு ஆறவேண்டும். வாழையில் பாதியைக் குறைத்துவிட்டார். தம்பி கிணற்றுச் சுவரில் பெயின்றால் அடி அடியாகக் கோடு போட்டான். இப்போது பெரியப்பா பின்னேரத்தில் வந்து எட்டிப் பார்த்து, கோட்டை எண்ணிவிட்டுத்தான் மோட்டரைத் தொடுவார்.

தை மாதம் அம்மம்மா ருசி பார்த்தா. "குடிக்கலாம். தேத்தண்ணிக்கு ஏலாது." பங்குனியில், "தேத்தண்ணிக்கும் பரவாயில்லை, சீனி கொஞ்சம் கூடப் போடு." பழைய ருசி திரும்பவில்லை. இன்னும் எத்தனை மழை வேண்டும் என்று கணக்குப் போட நாங்கள் முயற்சித்தோம், எங்கள் படிப்புக்கு அது வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்வளவுக்காரர் பெரியப்பாவிடம் வந்திருந்தார். அவரும் குழாய் அடிக்க நினைக்கிறார், ஆக்களை விசாரிக்க வந்தவர். பெரியப்பா வேலிக்கு மேலால் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், அந்தச் சிவப்புத் தண்ணியை ஒருக்காச் செய்து கொண்டு வா."

பீற்றூட் இருந்தது, கடல் தண்ணிக்குத்தான் சைக்கிளில் ஓடவேண்டி வந்தது. பின்வளவுக்காரர் ஸ்ட்ரோவை வாயில் வைத்து உறிஞ்சினார். முதலில் மெதுவாக. பிறகு பெரியப்பா சொன்னார், "இப்ப வேகமா." அவருடைய முகம் சுருங்கியது.

அவர் குழாய் அடிப்பாரோ அடிக்கமாட்டாரோ எங்களுக்குத் தெரியாது. யோசிச்சுச் சொல்லுறன் என்றுவிட்டுப் போனார். இதை வாசிக்கிற உங்களில் கனபேர் வீட்டிலும் கிணறு இருக்கும், கனபேர் வீட்டில் அதை ஆழமாக்குகிற கதையும் நடக்கும். ஒரு கிளாஸ், ஒரு ஸ்ட்ரோ, கொஞ்சக் கடல் தண்ணி, பாதிப் பீற்றூட் போதும். மேலே ஊற்றும்போது கரண்டியைப் பிடியுங்கோ. அவசரப்பட்டால் கலங்கிவிடும்.